கட்டபொம்மன் வீரனா? புதுக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு கேள்வி

தமிழ்நாட்டில் பள்ளி ஆண்டுவிழா என்று ஒன்று நடந்தால் அதில் ஒரு கட்டபொம்மன் கட்டாயம் உண்டு. ஒட்டுமீசை, அட்டைக் கத்தி, அம்மாவின் பட்டுச்சேலையை மடித்துக் கட்டிய கச்சை, எதிரே தொப்பி வைத்த ஒரு ஜாக்சன் துரை. வசனம் மட்டும் எந்த ஊரிலும் மாறாது. 1959இல் பி.ஆர். பந்துலு எடுத்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காக சக்தி கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி கணேசன் கர்ஜித்த அதே வசனம். அந்தப் படத்துக்காக 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. சுருக்கமாகச் சொன்னால், தமிழர்களுக்குக் கட்டபொம்மன் என்றால் சிவாஜி, சிவாஜி என்றால் கட்டபொம்மன்.

புதுக்கோட்டை மாவட்டப் பள்ளிகளிலும் இதே வேஷம், இதே கைத்தட்டல். ஆனால் இங்கே அந்தக் கதைக்கு ஒரு சங்கடமான பின்பாதி இருக்கிறது. கட்டபொம்மன் பிடிபட்டது இந்த மண்ணில்தான். பொன்னமராவதி பக்கம் கதலிவனேஸ்வரர் கோயில் இருக்கிறதே, அந்தத் திருக்களம்பூரை ஒட்டிய காட்டில். பிடித்தவர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கூட இல்லை, புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். வெளியூர்க்காரர்கள் புதுக்கோட்டைக்காரர்களை வாயடைக்க வேண்டுமென்றால் "காட்டிக் கொடுத்த ஊர்தானே" என்று ஒரு வார்த்தை போதும்.

இதற்குப் பதில் சொல்ல முயல்பவர்கள் பெரும்பாலும் எளிதான வழி ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். கட்டபொம்மன் என்ன அவ்வளவு பெரிய வீரனா, வரி கட்டியவர்தானே, கொள்ளையடித்தவர்தானே, கோட்டையை விட்டு ஓடியவர்தானே என்று திருப்பிக் கேட்பது. இப்படிக் கேட்பதற்குப் புத்தகமே இருக்கிறது. தமிழ்வாணன் எழுதிய 'கட்டபொம்மன் கொள்ளைக்காரன்'. இன்னொரு பக்கம் ம.பொ.சி. எழுதிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. படத்தில் நாம் பார்த்த கட்டபொம்மனுக்கு உருவம் கொடுத்தது பெருமளவு ம.பொ.சி.யின் பார்வைதான். இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஒரே ஆளைப் பற்றித்தான் இருவரும் எழுதினார்களா என்று சந்தேகமே வந்துவிடும்!

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலில் அந்தப் புகழ்பெற்ற ஜாக்சன் காட்சி.

வரி விவகாரம் கட்டபொம்மன் காலத்தில் திடீரென்று முளைத்தது அல்ல. நாயக்கர் ஆட்சியில் மதுரை நாட்டைப் பல பாளையங்களாகப் பிரித்தார்கள். 72 என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. நாயக்கர்கள் போய் ஆற்காட்டு நவாப் வந்தார். நவாப் கும்பினியிடம் தீராத கடன்பட்டார். கடைசியில் 1792 ஒப்பந்தப்படி, பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் வேலையைக் கும்பினியே எடுத்துக்கொண்டது. அதாவது நவாபின் கடனுக்காகப் பாஞ்சாலங்குறிச்சி விவசாயி விளைவித்ததில் பங்கு கேட்டு வந்தவர்கள் இவர்கள். இந்த ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தாலே படத்தில் வரும் கோபம் நியாயமான கோபம்தான்.

ஆனால் நிஜத்தில் அந்தக் கோபம் வெளிப்பட்ட விதம் வேறு. 1798 மே மாத இறுதியில் கட்டபொம்மன் கட்ட வேண்டிய பாக்கி 3310 பகோடா (நம் வழக்கில் வராகன்). கலெக்டர் ஜாக்சன் மிரட்டல் கடிதங்கள் எழுதினார். படையனுப்பவும் ஆசைப்பட்டார், சென்னை அரசு அனுமதிக்கவில்லை. ஆகஸ்டில், இராமநாதபுரத்துக்கு வந்து தன்னைப் பார்க்கும்படி உத்தரவு போட்டார். கட்டபொம்மன் புறப்பட்டார். குற்றாலத்தில் பார்க்கப் போனால் அங்கே பேட்டி இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்க்கப் போனால் அங்கேயும் இல்லை. கலெக்டர் முகாம் போட்ட வழியெல்லாம் பின்னாலேயே 23 நாள், சுமார் 400 மைல் அலைந்து, செப்டம்பரில் இராமநாதபுரம் போய்ச் சேர்ந்தார். பாக்கியில் பெரும்பகுதியைக் கட்டினார். மிச்சம் நின்றது 1080 பகோடாதான். துரைக்கு முன்னால் மூன்று மணி நேரம் நிற்க வைக்கப்பட்டார்.

படத்தில் பார்த்த சிம்மத்துக்கும் இந்த மனிதருக்கும் எவ்வளவு தூரம்! இங்கே இருப்பவர் ஒரு சின்னப் பாளையக்காரர். எப்படியாவது சமாதானமாகப் போய்விட வேண்டும் என்று நினைத்தவர். பணத்தையும் கையோடு கொண்டுவந்தவர். அவமானத்தை விழுங்கிக்கொண்டு நடந்தவர்.

அன்றைக்கு நடந்தது அதோடு முடியவில்லை. கோட்டைக்குள்ளேயே தங்கும்படி ஜாக்சன் சொன்னார். கைது செய்யத்தான் ஏற்பாடு என்பது புரிந்ததும் கட்டபொம்மன் வெளியேற முயன்றார். கோட்டை வாசலில் கைகலப்பு. லெப்டினன்ட் கிளார்க் செத்தார். கட்டபொம்மன் தப்பினார், தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். அதற்கப்புறம் கட்டபொம்மன் செய்ததுதான் வியப்பு. வாளைத் தூக்கவில்லை, சென்னைக்கு மனு எழுதினார். கும்பினி ஒரு விசாரணைக் குழு அமைத்தது. பிரவுன், ஓரம், காசமேஜர் என்று மூன்று வெள்ளைக்காரர்கள். அந்தக் குழுவின் முன்னால் ஆஜரானார். குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது. தானாபதி விடுதலையானார், ஜாக்சனுக்கு வேலை போனது!

இந்த வெற்றியை ஏன் யாரும் நாடகமாகப் போடுவதில்லை என்பது தெரியவில்லை. கும்பினியின் சட்டத்தை வைத்தே கும்பினி கலெக்டரை வீட்டுக்கு அனுப்பிய பாளையக்காரர் அன்றைக்கு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆனால் மனு எழுதுவதைப் பார்த்து யார் கைதட்டுவார்கள்... மேடைக்கு மீசை வேண்டும், வாள் வேண்டும்.

ஜாக்சன் இடத்துக்கு லஷிங்டன் வந்தார். கட்டபொம்மன் மறுபடி பாக்கி வைத்தார், புதிய கலெக்டரைப் போய்ப் பார்க்கவும் மறுத்தார் (ஒருமுறை பட்டது போதாதா). சிவகங்கை மருது சகோதரர்களோடும் சிவகிரிப் பக்கத்தோடும் தொடர்பு வளர்ந்தது. 1799 மே 4ஆம் தேதி சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். மைசூரில் சிக்கியிருந்த கும்பினியின் கைகள் இப்போது விடுபட்டுவிட்டன. திருநெல்வேலிச் சீமையை அடக்க மேஜர் பானர்மேன் வந்தார்.

செப்டம்பர் 5ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சி முற்றுகை. கல்கோட்டை அல்ல, முழுக்க மண் கோட்டை. 500 அடி நீளம், 300 அடி அகலம். இன்றைய நகரத்துக் கல்யாண மண்டபங்களில் சில இதைவிடப் பெரிய வளாகத்தில் நிற்கின்றன. அந்த மண்சுவரை முதல் தாக்குதலில் கும்பினிப் படையால் ஏற முடியவில்லை. வெள்ளை அதிகாரிகள் செத்தார்கள். பெரிய பீரங்கிகள் பாளையங்கோட்டையிலிருந்து வரட்டும் என்று பானர்மேன் காத்திருந்தார். அவை வந்து சேருமுன் ஓர் இரவில் கட்டபொம்மனும் ஆட்களும் கோட்டையைக் காலி செய்துவிட்டு வடக்கே போய்விட்டார்கள்.

"ஓடிப்போனவன் வீரனா?" என்று கேட்பவர்கள் பிடித்துத் தொங்குவது இந்த இரவைத்தான். தானாபதிப் பிள்ளை வழியில் பிடிபட்டு நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். அவர் தலையை வெட்டிக் கொண்டுபோய்ப் பாஞ்சாலங்குறிச்சியில் வைத்தார்கள். தலைவர் காட்டில், அமைச்சர் தூக்கில் என்பது கேட்க நன்றாக இல்லைதான். ஆனால் பீரங்கி வருவது தெரிந்தும் மண்சுவருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்வதற்கு, பீரங்கியைச் சினிமாவில் மட்டும் பார்த்தவராக இருக்க வேண்டும்.

அடுத்து கொள்ளைக் குற்றச்சாட்டு. இது லேசானதல்ல. கும்பினி ஆவணங்களில் மட்டுமல்ல, கட்டபொம்மனைக் கொண்டாடும் கதைப்பாடல் மரபிலேயே தானாபதியின் ஆட்கள் ஸ்ரீவைகுண்டத்தில் நெல்லைக் கொள்ளையிட்ட செய்தி வருகிறது. பக்கத்துப் பாளையத்து ஊர்களில் புகுந்து எடுத்தார்கள், எட்டயபுரத்தோடு எல்லைத் தகராறு தலைமுறை தலைமுறையாக நடந்தது. இதில் கொஞ்சம் கவனம் வேண்டும். பாளையக்காரர்களுக்குக் காவல் உரிமை என்று ஒன்று இருந்தது. தன் ஊர்களுக்குக் காவல் பார்ப்பது ஸ்தல காவல், வெளியூர்களுக்கும் வழிகளுக்கும் பார்ப்பது தேச காவல். அதற்கு ஊரார் நெல்லாகவும் பணமாகவும் கொடுக்க வேண்டும். கொடுக்காத ஊரில் பலவந்தமாக எடுப்பதும் நடக்கும். பாளையக்காரர் கணக்கில் அது "உரிமை". கும்பினி கணக்கில் அது "கொள்ளை". நெல்லைப் பறிகொடுத்த சம்சாரியின் கணக்கில் அது என்ன என்பதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அவனிடம் கும்பினியும் எடுத்தது, பாளையக்காரரும் எடுத்தார்.

ஆக, கட்டபொம்மன் பிறர் நெல்லைத் தொடாத உத்தமர் என்று சாதிக்க முடியாது. சாதிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஏனென்றால் உலகத்தில் பழைய காலத்து வீரர் எவரும் அந்தப் பரீட்சையில் தேற மாட்டார்கள்.

கிரேக்கர்களைப் பாருங்கள். இலியட் காப்பியத்தின் நாயகன் அக்கிலீஸ். கிரேக்கப் படையிலேயே நிகரில்லாதவன். அவன் என்ன செய்கிறான்? போரில் பரிசாகக் கிடைத்த பிரைசீஸ் என்ற பெண்ணைத் தலைமை அரசன் அகமெம்னான் எடுத்துக்கொண்டான் என்பதற்காகக் கோபித்துக்கொண்டு போரை விட்டு விலகி உட்கார்ந்துவிடுகிறான். தான் இல்லாமல் தன் ஆட்கள் தோற்க வேண்டும் என்று தாயிடம் வரம் வேறு கேட்கிறான். கூட்டாளிகள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். உயிர் நண்பன் பெட்ரோக்ளஸ் செத்த பிறகுதான் எழுந்து வருகிறான். ஹெக்டரைக் கொன்று, பிணத்தைத் தேரில் கட்டி இழுக்கிறான். நண்பனின் சிதையில் டிராய் நகரத்து இளைஞர்கள் 12 பேரைப் பலி கொடுக்கிறான். 23 ஊர்களைச் சூறையாடியதாக அவனே பெருமையாகக் கணக்கும் சொல்கிறான். இன்னொரு காப்பியமான ஒடிசியின் நாயகன் ஒடிசியஸ் மட்டும் என்ன? டிராயிலிருந்து கிளம்பியதும் முதல் வேலையாகச் செய்வது வழியில் ஓர் ஊரைக் கொள்ளையடிப்பது. கூட வந்தவர்கள் அத்தனை பேரையும் வழியில் இழந்துவிட்டுத் தனியாக ஊர் போய்ச் சேர்கிறான். இவர்களையெல்லாம் எப்படி வீரர்கள் என்று சொல்கிறீர்கள் என்று இன்றைக்கும் கல்லூரிகளில் விவாதம் நடக்கிறது.

கிரேக்கர்களுக்கு இந்தச் சந்தேகமே வரவில்லை. அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு "நல்லவன்" என்று பொருள் இல்லை. பெரும் ஆற்றலோடு வாழ்ந்து செத்து, பின்னாளில் சமாதியில் படையல் பெறுகிறவன் என்பதுதான் அவர்கள் வழிபாட்டில் அந்தச் சொல் வழங்கிய விதம்.

இது நமக்குப் புதிதா என்ன? நடுகல் என்றால் அதுதானே! 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்பிராமி எழுத்துள்ள நடுகற்களில் ஒன்று ஆகோள் பூசலில் இறந்தவனுக்கு எடுத்தது. ஆகோள் என்றால் மாடு பிடித்துக்கொண்டு போவது, பச்சையாகச் சொன்னால் மாட்டுக் கொள்ளை. புதுக்கோட்டைக்குக் கிழக்கே பொற்பனைக்கோட்டையிலும் தமிழ்பிராமி எழுத்துள்ள நடுகல் கிடைத்திருக்கிறது. மாட்டைக் கவரப் போனவன் சூடிய பூ வெட்சி, மீட்கப் போனவன் சூடியது கரந்தை. இரண்டு பக்கமும் செத்தவனுக்குக் கல் நட்டார்கள். மதுரை வீரனையும் காத்தவராயனையும் எடுத்துக்கொண்டால், இருவரும் அரசாங்கத்தால் குற்றவாளி என்று தண்டிக்கப்பட்டவர்கள். அதனால் ஒன்றும் குறையவில்லை, இன்றைக்கும் ஊர் எல்லையில் அரிவாளோடு நின்று பூசை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம் கிராமத்து அகராதியில் வீரன் என்றால் குற்றம் செய்யாதவன் அல்ல, சாவைச் சந்தித்த விதத்தால் பெரியவனானவன்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு திருக்களம்பூர்க் காட்டுக்கு வருவோம்.

அப்போது புதுக்கோட்டையை ஆண்டவர் விஜயரகுநாதத் தொண்டைமான் (1789 முதல் 1807 வரை). கட்டபொம்மனைத் தேடிப் பிடித்துத் தரும்படி கும்பினியிடமிருந்து கேட்டுக்கொண்டார்கள், அவருடைய ஆட்கள் பிடித்தார்கள், ஒப்படைத்தார்கள். இதை மறுப்பதற்கில்லை. புதுக்கோட்டை வரலாறு எழுதியவர்களும் பிடித்துக் கொடுத்ததை மறைக்கவில்லை.

ஆனால் "துரோகம்" என்ற சொல்லுக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. நம்பியவனைக் கைவிட்டால் துரோகம். கூட்டணியில் இருந்துகொண்டு குழி பறித்தால் துரோகம். தொண்டைமான்கள் கும்பினியின் பக்கம் நின்றது 1799இல் அல்ல. 1750களின் தொடக்கத்தில் திருச்சி முற்றுகை நடந்தபோதே ஆங்கிலேயருக்கும் முகமதலிக்கும் தானியம் அனுப்பியது புதுக்கோட்டைதான். அதற்குப் பழிவாங்கப் பிரெஞ்சுப் படை இந்தச் சீமையில் புகுந்து நாசம் செய்தது. ஹைதர் அலி காலத்திலும் இதே பக்கம். கட்டபொம்மனுக்கும் தொண்டைமானுக்கும் எந்த உடன்படிக்கையும் கிடையாது. அந்தக் காலத்தில் "நம் நாடு", "அந்நியன்" என்ற கோடு இன்று கிழிப்பது போலக் கிழிக்கப்படவும் இல்லை. 1750களில் நெற்கட்டும்செவலில் பூலித்தேவன் எதிர்த்து நின்றபோது பாஞ்சாலங்குறிச்சியும் அவர் பக்கம் சேரவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இதுவரை தொண்டைமானுக்கு ஆதரவான வாதம். இதோடு நிறுத்திக்கொள்ளத்தான் ஊர்ப்பாசம் சொல்லும். ஊர்ப்பாசத்துக்குக் காரணமும் இருக்கிறது. தொண்டைமான்கள் காலத்தில் திவான் சேஷையா சாஸ்திரி திருத்தி அமைத்த நேரான வீதிகளில்தான் இன்றும் புதுக்கோட்டை நடக்கிறது. கடைசி மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான் 1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்ததைப் பெருமையாகப் பேசாத பெரியவர் ஊரில் இல்லை.

ஆனால் 1803ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த வருஷம் கும்பினி தொண்டைமானுக்குக் கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சேர்ந்த ஊர்களையும் கொடுத்தது. பாளையக்காரர் போர்களில் செய்த உதவிக்கான வெகுமதி அது. ஆண்டுக்கு ஒரு யானை கப்பமாகத் தர வேண்டும் என்பது நிபந்தனை, பின்னாளில் 1836இல் அதுவும் தள்ளுபடியானது. 1799 மட்டுமல்ல, 1801இல் மருது சகோதரர்களை ஒடுக்கியபோதும் தொண்டைமான் படை கும்பினியோடு நின்றது. எனவே இதைத் துரோகம் என்று சொல்வது தப்பு, ஆனால் வெறும் நட்புக் கடமை என்று பூசி மெழுகுவதும் தப்பு. இது கணக்கு. திப்பு விழுந்த ஆறு மாதத்துக்குள், தென்னாட்டில் இனி யார் கை ஓங்கும் என்பதைத் தெளிவாகப் பார்த்த ஓர் அரசர் போட்ட கணக்கு. கணக்கு சரியாகவும் வந்தது. பாஞ்சாலங்குறிச்சி அழிந்தது, சிவகங்கையில் மருதுகள் தூக்கில் தொங்கினார்கள், புதுக்கோட்டை மட்டும் ஒரு தனிச் சமஸ்தானமாக மேலும் 145 வருஷம் நீடித்தது. கணக்கில் கெட்டிக்காரர்களுக்கு யாரும் நடுகல் நடுவதில்லை, அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை. பிடித்துக் கொடுத்தது தொண்டைமான், ஆனால் அகராதியில் ஏறிய பெயர் "எட்டப்பன்". எட்டயபுரம் பாளையக்காரர் பானர்மேனுக்குத் துணை நின்றதும், தப்பியோடியவரை விரட்டியதும், பிறகு பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பங்கு பெற்றதும் உண்மை. ஆனால் கதைக்கு ஒரு வில்லன்தான் தேவைப்பட்டான், பக்கத்து ஊர்ப் பங்காளியே வில்லனாக இருந்தால் கதைக்குச் சுவை கூடும். படமும் அதை நிலைநாட்டிவிட்டது. பாரதி பிறந்த ஊர் என்ற பெருமை கூட எட்டயபுரத்தை முழுதாகக் காப்பாற்றவில்லை. புதுக்கோட்டை தப்பியது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது கயத்தாறு. 1799 அக்டோபர் 16 (17 என்று எழுதுபவர்களும் உண்டு). சுற்றுவட்டப் பாளையக்காரர்கள் எல்லோரையும் பானர்மேன் வரவழைத்து உட்கார வைத்திருந்தார். விசாரணை என்று பெயர், உண்மையில் அவர்களுக்கு ஒரு பாடம் நடத்துவதுதான் நோக்கம். அதன் முடிவில் கட்டபொம்மனை ஒரு புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள்.

அங்கே நடந்ததற்கு நம்மிடம் இருக்கும் முக்கியமான சாட்சி கதைப்பாடல் அல்ல, படம் அல்ல. தூக்கிலிட்ட பானர்மேனே சென்னை அரசுக்கு எழுதிய அறிக்கை. பிஷப் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் அது இருக்கிறது. விசாரணை நடந்த நேரம் முழுவதும் கட்டபொம்மன் கொஞ்சமும் கலங்காமல், எதையும் பொருட்படுத்தாதவராக நின்றார் என்கிறார் பானர்மேன். எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் அடிக்கடி ஏளனமாகப் பார்த்தாராம். தூக்குமரத்துக்கு நடந்தபோது உறுதியான நடை, இருபுறமும் இருந்த பாளையக்காரர்கள் மேல் வெறுப்பான பார்வை. உயிருக்காக ஒரு வார்த்தை கெஞ்சியதாக அந்த அறிக்கையில் இல்லை. எதிரியைக் கொன்றுவிட்டு, மேலிடத்துக்குக் கணக்கு எழுதும் ஓர் அதிகாரி அந்த எதிரியை உயர்த்திப் பேச வேண்டிய தேவை என்ன? ஒன்றும் இல்லை. அதனால்தான் இதை நம்ப முடிகிறது.

அதே அறிக்கையில் இன்னும் இரண்டு செய்திகள், தன் காதுக்கு வந்ததாக பானர்மேன் குறிப்பிடுபவை. ஒன்று, தூக்குமரத்துக்குப் போகும் வழியில் கட்டபொம்மன் கவலைப்பட்டது ஒரே ஒருவருக்காக, பேச முடியாத தம்பி ஊமைத்துரைக்காக. இரண்டாவது, மரத்தடிக்கு வந்து நின்றபோது, கோட்டையை விட்டு வந்ததற்காக வருந்தினார், அதைக் காத்து நின்று அங்கேயே செத்திருக்கலாம் என்றார்.

கோட்டையை விட்டு ஓடினாயே என்று இருநூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கு முன்பே அவரே அதைக் கேட்டுவிட்டார்!

அக்கிலீஸுக்கும் இப்படி ஒரு காட்சி உண்டு, ஆனால் தலைகீழாக. ஒடிசியில், செத்தவர்களின் உலகத்தில் ஒடிசியஸ் அவனைச் சந்திக்கிறான். இங்கேயும் நீ அரசனாகத்தானே இருக்கிறாய் என்று ஆறுதல் சொல்கிறான். அக்கிலீஸ் அதை ஏற்கவில்லை. செத்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட, உயிரோடு ஓர் ஏழையிடம் கூலி வேலை பார்ப்பதே மேல் என்கிறான். புகழுக்காக இளவயதுச் சாவைத் தேர்ந்தவன் கடைசியில் உயிருக்கு ஏங்குகிறான். உயிரோடு இருக்க ஒருமுறை முயன்ற கட்டபொம்மனோ கடைசியில் கோட்டையில் கிடைத்திருக்கக்கூடிய சாவுக்கு ஏங்குகிறார். இரண்டில் எது பெரியது என்று மார்க் போட வேண்டியதில்லை. ஆனால் 400 மைல் கலெக்டர் பின்னால் அலைந்து, பாக்கி கட்டி, மனு எழுதி, காட்டில் பதுங்கிய ஒரு மனிதர் அந்தப் புளியமரத்தடியில் நின்ற நிற்பு, சினிமா வசனத்தைவிடக் கனமானது. முதலிலிருந்தே சிங்கமாக இருந்தவர் கடைசியிலும் சிங்கமாக இருப்பதில் பெரிய அதிசயம் என்ன இருக்கிறது? வளைந்து கொடுத்துப் பார்த்தவர், இனி வளைய முடியாது என்ற இடத்தில் நிமிர்ந்தார். அதற்காக அவரை வீரன் என்று சொல்லலாம், தாராளமாகச் சொல்லலாம். முதல் சுதந்திரப் போராட்ட வீரர் என்று பட்டம் கட்டுவதில்தான் தயக்கம். முதல் என்றால் பூலித்தேவன் கோபித்துக்கொள்வார், சுதந்திரம் என்ற சொல்லை 1801இல் மருது சகோதரர்கள் எல்லாச் சாதியினரையும் கூப்பிட்டு விடுத்த திருச்சி அறிக்கையில் தேடுவது கூடுதல் பொருத்தம்.

கட்டபொம்மன் கடைசியாகக் கவலைப்பட்ட அந்தத் தம்பியின் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பாளையங்கோட்டைச் சிறையில் இருந்த ஊமைத்துரை 1801 பிப்ரவரி 2ஆம் தேதி, வெள்ளை அதிகாரிகள் விருந்துண்டு கொண்டிருந்த நேரத்தில் தப்பினார். இடித்துத் தள்ளிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களில் மறுபடி எழுந்து நின்றது. பின்தொடர்ந்து வந்த கும்பினிப் படை அதைப் பார்த்துத் திகைத்துத் திரும்பியது. மார்ச் மாதத் தாக்குதலும் தோற்றது. மே 24ஆம் தேதிதான் கர்னல் அக்னியூவால் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கும் உப்பும் விதைத்தார்கள்.

அந்தப் போரில் எதிர்ப்பக்கம் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி பின்னாளில் தன் நினைவுக்குறிப்பில் ஒரு சம்பவம் எழுதினார். கோட்டை விழுந்த அன்று, காயம்பட்டுக் கிடந்த மகனைத் தேடி ஒரு தாய் வந்தாள். உயிர் ஊசலாடிய அந்த மகன், என்னை விடு, சாமியைக் காப்பாற்று என்று பக்கத்தில் குற்றுயிராய்க் கிடந்த ஊமைத்துரையைக் காட்டினான். பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது துணியால் மூடிவிட்டு, அம்மை போட்டுச் செத்துவிட்டான் என்று ஒப்பாரி வைத்தார்கள். அம்மை என்றதும் தேடி வந்தவர்கள் கிட்டே வரவில்லை. ஊமைத்துரை பிழைத்து, மருதுகளோடு சேர்ந்து போரிட்டு, 1801 நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார். வாய் பேசாத ஒருவருக்காக ஒரு தாய் பெற்ற மகனை விட்டுப் போனாள் என்பதற்கு வசனம் எழுத எந்தச் சக்தி கிருஷ்ணசாமியாலும் முடியாது. அந்தத் தாயின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தில், அவ்வழியே போகிறவர்கள் ஆளுக்கொரு கல் போட்டு ஒரு குவியலே சேர்ந்திருந்தது. பிறகு சிவாஜி கணேசன் அந்த இடத்தை வாங்கிச் சிலை வைத்தார். 1974இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை எழுப்பியது. அதே 1974 ஜனவரியில்தான் புதுக்கோட்டை தனி மாவட்டமானது.

அந்த மாவட்டத்தில், காரைக்குடி சாலையில், திருமயம் கோட்டை இருக்கிறது. 1687இல் சேதுபதி கட்டியது, பிறகு தொண்டைமான்களிடம் வந்தது. பாறைக்கு அடியில் சிவனும் பெருமாளும் பக்கத்துப் பக்கத்தில், மேலே பீரங்கி. சேதுபதி பெயரையோ தொண்டைமான் பெயரையோ அந்தக் கோட்டைக்கு ஊரார் வைக்கவில்லை. ஊமைத்துரை அங்கே இருந்தார் என்பது வாய்வழிச் செய்தி, சிறையில் இருந்தார் என்பார்கள் சிலர், ஒளிந்திருந்தார் என்பார்கள் சிலர். தொண்டைமான் நாட்டின் நடுவே நிற்கும் அந்தக் கோட்டைக்குச் சுற்றுவட்டாரத்தில் இன்றைக்கும் வழங்கும் பெயர் ஊமையன் கோட்டை.